கழுத்தில் விழுந்த கோடு

கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் பெண்ணொருத்தி போன மாதம் என்னோடு தொலைபேசியில் கதைத்தாள். ஒரு காலத்தில் என்னிடம் கணக்குப் படித்தவள். வீடியோவைச் சுருக்கும்போது, படத்தின் ஒரு சதுரம் மற்றச் சதுரத்தைச் சார்ந்திருப்பதைக் குறைத்து, ஒரு கணினிக்குள் இருக்கும் பல செயலிகளை ஒரே நேரத்தில் ஓட வைப்பது பற்றி அவளுடைய கந்தோரில் அவளைப் பேசச் சொல்லியிருக்கிறார்களாம்.

"ரீச்சர், நீங்கள் உதை ஊர்காவற்றுறையில இருந்தே செய்தனீங்கள் எண்டு கேள்விப்பட்டன். எந்த ஆய்வகத்தில?"

ஆய்வகம் என்றால், முன்பு மீனுக்கு ஐஸ் விற்ற கடை ஒன்றின் பின்னறை. கதவைத் திறந்தால் கருவாட்டு மணம் உள்ளே வரும். மூடினால் கணினி சூடேறி நின்றுவிடும். நாங்கள் கருவாட்டு மணத்தைத் தெரிவு செய்தோம். எழுதி அனுப்புகிறேன் என்று அவளுக்குச் சொன்னேன். இது அவளுடைய பேச்சுக்கு ஒரு உதவியும் செய்யாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணிதம் படித்தேன். கொழும்பில் ஒரு திணைக்களத்தின் கணினிப் பிரிவில், என்னைவிடக் குறைவாக வேலை செய்து கூடச் சம்பளம் எடுத்தவர்களின் சம்பளத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தேன். தொண்ணூற்றாறில், சண்டையால் வெளியேறியிருந்த சனம் தீவுக்குத் திரும்பத் தொடங்கியபோது நானும் ஊருக்கு வந்து ரியூசன் கொடுத்தேன். பிறகு போர்நிறுத்தத்தோடு சமாதான காலம் வந்தது.

சமாதானத்தோடு வெளிநாட்டிலிருந்து மூன்று வகையான ஆட்கள் வந்தார்கள். காணி பார்க்க வந்தவர்கள், பொம்பிளை பார்க்க வந்தவர்கள், எங்களைத் திருத்த வந்தவர்கள். மரியநாயகம் அண்ணைக்குக் காணியும் இருந்தது, மனைவியும் இருந்தா. ஆகவே நாங்கள்தான் மிச்சம். ஜெர்மனியில் கார்க் கதவு செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர், ஊர்காவற்றுறையில் கலியாண வீடியோக் கடை திறந்து, கணினி தெரிந்த ஆள் என்று என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்.

கதிரையில் இருக்கிற ஆள் வேலை செய்யவில்லை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அதனால் எப்போதும் என் முதுகுக்குப் பின்னால் நின்றபடிதான் கதைப்பார். எந்தக் கதையும் "ஜெர்மனியில" என்றுதான் தொடங்கும். அங்கே ஓடும் பட்டியில் கதவு வருமாம். ஒருவன் ஒரு ஆணியை முடுக்குவான், அடுத்தவன் அடுத்த ஆணியை முடுக்குவான், எவனும் எவனையும் திரும்பிப் பார்க்கமாட்டான். உலகத்தில் உள்ள எல்லா வேலையும் அவருக்கு அந்தக் கதவுதான். வீடியோ எடுக்கப் போன கத்தோலிக்கக் கோயிலில், பூசை நடக்கும்போது குருவானவருக்கும் எங்கே நிற்பது, எப்போது கையை உயர்த்துவது என்று சொல்லிக் கொடுத்த மனிசன் அவர்.

ஒருநாள் ஜெர்மனியில் எங்கோ கழித்துவிட்ட பெரிய கணினி ஒன்றைப் பெட்டியில் கட்டுவித்து இறக்கினார். உள்ளே நாலு செயலி. "நாலு மூளை, ரீச்சர்," என்று தட்டிக் காட்டினார். அந்தக் காலத்தில் புதிதாக வந்த ஒரு சுருக்கும் முறை இருந்தது. முழுக் கலியாணத்தையும் ஒரே சீடியில் அடக்கலாம். ஆனால் சுருக்கி முடிய நாட்கணக்காகும். நாலு மூளை இருந்தால் நாலில் ஒரு பங்கு நேரம் என்று அண்ணை கணக்குப் போட்டிருந்தார். ஓட விட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு மூளையும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டத் திரையில் நாலு பச்சைக் கோடுகள். ஒன்று உச்சியில் நின்றது. மற்ற மூன்றும் அடியில் படுத்திருந்தன.

"நான் நாலு பேருக்குச் சோறு போடுறன். ஒருத்தன் சாப்பிட்டிட்டு வேலை செய்யிறான். மற்ற மூண்டு பேரும் சாப்பிட்டிட்டு என்ன செய்யினம்?"

"முதலாவது ஆள் முடிக்குமட்டும் பாத்துக்கொண்டிருக்கினம், அண்ணை."

அவருக்கு விளங்கப்படுத்தினேன். படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு சதுரத்தையும் முழுதாக எழுதினால் சீடியில் இடம் காணாது. அதனால் ஒரு சதுரம், தனக்கு இடப்பக்கத்தில் இருப்பதையும் மேலே இருப்பவற்றையும் பார்த்து, அவற்றிலிருந்து தான் எவ்வளவு வேறுபடுகிறேன் என்பதை மட்டும் எழுதும். வித்தியாசம் சிறிதாக இருக்கும், இடம் மிஞ்சும். ஆனால் பக்கத்துச் சதுரம் முடியாமல் இது தொடங்க ஏலாது. அது முடிய, அதற்குப் பக்கத்தில் உள்ளது முடியவேண்டும்.

அண்ணை கவனமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "தீவாரின்ர குணம் பெட்டிக்குள்ளையும் வந்திட்டுது. ஏன் அயலைப் பாக்குது? தன்ர வேலையைப் பாக்கச் சொல்லும்."

"பாக்காட்டில் இடம் கூடப் பிடிக்கும். படத்தில கோடும் விழும்."

"கோட்டை ஆர் பாக்கப் போறான்? கலியாணத்தில சனம் தன்ர தன்ர முகத்தைத்தான் தேடும். நாலாய் வெட்டும். ஆளுக்கொரு துண்டு. ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கக் கூடாது."

அந்தச் சுருக்கும் மென்பொருளின் மூலநிரல், எவரும் எடுத்துத் திருத்தலாம் என்று உலகத்துக்கு விடப்பட்ட ஒன்று. திருத்தினேன். படத்தைக் குறுக்கே நாலு பட்டையாக வெட்டி, ஒவ்வொரு பட்டையையும் ஒரு செயலிக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு பட்டைக்கும் சம அளவு இடம். பட்டையின் எல்லைக்கு வந்ததும் மேலே உள்ள சதுரத்தைப் பார்ப்பது நின்றுவிடும். சதுரங்களின் ஓரங்களைத் தேய்த்து ஒன்றோடொன்று இசைய வைக்கும் கடைசி வேலையும் அந்த எல்லையில் நடக்காது. பச்சைக் கோடுகள் நாலும் உச்சிக்கு ஏறின. அண்ணை அதைப் பார்க்க வீட்டிலிருந்து மனைவியைக் கூட்டி வந்தார்.

கோடு விழுந்தது. ஆனால் மெல்லிய கோடு. டீவீடி தாராளமாகக் கிடைத்த காலத்தில் படத்துக்கு இடத்தை அள்ளிக் கொடுத்தோம். கண் கூர்மையானவர்களுக்கு மட்டும் தெரிந்தது. லண்டனிலிருந்து ஒருவர் அது புது டிசைனா என்று கேட்டார். அண்ணை ஓம் என்றார்.

இரண்டாயிரத்து ஆறில் சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதையைப் பூட்டினார்கள். டீவீடி வரவில்லை, மா வரவில்லை, டீசல் வரவில்லை. கையிருப்பில் இருந்தது பழைய சீடிக் கட்டு ஒன்று. முழுக் கலியாணத்தையும் ஒரு சீடிக்குள் நெரிக்கவேண்டி வந்தபோது கோடு தடித்தது. பட்டைக்குப் பட்டை படத்தின் தரமும் மாறியது. மேலிருந்து இரண்டாவது பட்டையில் முகம், முக்காட்டு வலை, மெழுகுதிரிச் சுடர் எல்லாம் அசையும். கொடுத்த இடம் அதற்குக் காணாது. மூன்றாவது பட்டையில் அசையாத கூறைச்சேலை. அதற்கு இடம் மிஞ்சும். விளைவு, சேலையின் சரிகை இழை இழையாகத் தெரிந்தது, மேலே முகம் பூசி மெழுகின மாதிரி இருந்தது. இரண்டுக்கும் நடுவே, சரியாகக் கழுத்தில், கோடு.

நான் அண்ணைக்குக் காட்டினேன். "சேலை வடிவாய்த் தெரியுது," என்றார்.

இந்த நேரத்தில்தான் சுகந்தியின் பிரச்சினை வந்தது. சுகந்தி நெடுந்தீவுப் பிள்ளை. தகப்பன் சூசைப்பிள்ளை ஐயா கடற்றொழில். பாதை பூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னர், வெளிநாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் நெடுந்தீவுக் கோயிலில் கலியாணம் நடந்தது. வீடியோ எங்களுடையது, சுருக்கிச் சீடியில் கொடுத்தது பாதை பூட்டிய பிறகு. மாப்பிள்ளை திரும்பிப் போய் அவளைக் கூப்பிட எழுதிக் கொடுத்தார். கலியாணம் உண்மையானது என்று காட்ட வீடியோ வேண்டும் என்றது தூதரகம். எந்த நாட்டுத் தூதரகம் என்பது வேண்டாம். குளிரான நாடு, அவ்வளவுதான்.

அவள் சீடியோடு கப்பலில் திருகோணமலை போய், அங்கிருந்து கொழும்பு போய், நேர்முகம் முடித்துத் திரும்பிய கையோடு எங்கள் கடைக்கு வந்தாள். அழவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"அக்கா, அந்த ஐயாவுக்கு என்ர கழுத்துக்கு மேல பிடிக்கேல்லை."

"என்ன சொன்னவர்?"

"தலை ஒரு ஆளின்ர, உடம்பு வேற ஆளின்ர எண்டு சொன்னவர். வேற ஆரோ ஒருத்தியின்ர கலியாணத்தில என்ர தலையை ஒட்டியிருக்கினமாம். என்ர மனிசனுக்கும் அப்பிடித்தானாம். கோட்டைப் பென்சிலால தொட்டுக் காட்டினவர்."

"நீர் என்ன சொன்னீர்?"

"இது என்ர தலைதான் எண்டு சொன்னன். தலையை நேர பாத்திட்டு, இன்னொரு தவணை தந்தவர். முழு வீடியோவும் கொண்டு வரட்டாம்."

அண்ணை உள்ளே வந்தார். கேட்டுவிட்டு, ஜெர்மனியில் இப்படியான அதிகாரிகளே இல்லை என்றார். அகதி விண்ணப்பத்துக்காக அங்கே அவர் எத்தனை அதிகாரிகளுக்கு முன்னால் இருந்தார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கமரா நாடா பத்திரமாக இருந்தது. ஆனால் நாடாவைப் போட்டுப் பார்க்கத் தூதரகத்தில் வழியில்லை. சீடி மட்டும்தான் எடுப்பார்கள். கோடில்லாமல் சுருக்க வேண்டுமென்றால் வெட்டாமல் சுருக்க வேண்டும். வெட்டாமல் சுருக்கினால் ஒரு செயலிதான் ஓடும், நாட்கணக்காகும். மின்சாரம் வருகிறதோ வரவில்லையோ என்றிருந்தது. ஜெனரேற்றருக்கு ஊற்ற டீசல் இல்லை. அதற்கு மேல், சுகந்தி இன்னொன்றும் கேட்டாள்.

"ஒண்டையும் வெட்டாமல் போடுங்கோ, அக்கா. பாட்டும் போட வேண்டாம். நாடாவில இருக்கிற மாதிரியே."

"அது ஏலாது," என்றார் அண்ணை. "நாடாவில நான் குறுக்க வாறன்."

"வந்தால் என்ன, அண்ணை? நீங்களும் கலியாணத்துக்கு வந்தனீங்கள்தானே?"

அண்ணை ஜெனரேற்றரைப் பார்க்க வெளியே போனார்.

அந்தக் கிழமை நான் பென்சிலும் கட்டம் போட்ட தாளுமாக இருந்தேன். சதுரங்களை ஒருவரையொருவர் பார்க்கவேண்டாம் என்று தடுப்பதுதான் கோட்டுக்குக் காரணம். தடுக்காமல், எவ்வளவு பார்க்கவேண்டும் என்று கணக்கெடுத்தேன். ஒரு சதுரத்துக்குத் தேவையானவை இடப்பக்கத்துச் சதுரமும், மேல் வரிசையில் நேர் மேலே உள்ளதும், அதன் இரு பக்கத்திலும் உள்ளவையும்தான். மேல் வரிசை முழுவதும் முடியவேண்டியதில்லை. மேலே உள்ள ஆள் இரண்டு சதுரம் முன்னே போய்விட்டால், கீழ் வரிசை தொடங்கலாம். அதற்கு இரண்டு சதுரம் பின்னால் அதற்கடுத்த வரிசை. நாலு செயலியும் படிக்கட்டு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாய்ச் சரிந்து போகும். எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம்.

பிறகு, எந்த அயலை விட்டால் நட்டமில்லை என்று பார்த்தேன். மேலே வலப்பக்கத்தில் உள்ளதைப் பார்க்காமல் விட்டால் படத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அதை வெட்டிவிட்டேன், இரண்டு சதுரம் காத்திருந்த இடத்தில் ஒன்று போதுமென்று ஆனது. நேர் மேலே உள்ளதை விட்டுப் பார்த்தேன். சுகந்தியின் மூக்கு இடம் மாறியது. அதைத் திரும்ப வைத்தேன். எழுதிய எண்களைச் சீடியில் வரிசைப்படி அடுக்கும் வேலையை மட்டும் கடைசியில் ஒரே செயலிக்குக் கொடுத்தேன். நாலில் ஒரு பங்கு நேரம் வராது, மூன்றில் ஒரு பங்கை நெருங்கலாம்.

அதற்கும் டீசல் வேண்டும். சூசைப்பிள்ளை ஐயா தன் வள்ளத்துக்குக் கிடைத்த பங்கைக் கானில் ஊற்றி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் அங்கிருந்து பஸ்சில் எங்களிடமும் கொண்டு வந்தார். அது முடிந்தால் அடுத்த பங்கு வரும்வரை அவருக்குக் கடல் இல்லை. இறங்குதுறைக் காவலில் நின்ற கடற்படையாட்கள், கடலுக்குப் போகவேண்டிய டீசல் ஏன் ஊருக்குள் போகிறது என்று கேட்டார்களாம். மகளின்ர கலியாண வீடியோவுக்கு என்றாராம். அவர்கள் நம்பி விட்டுவிட்டார்கள். கொழும்பில் இருந்த அதிகாரியைவிட, துவக்கோடு நின்றவர்களுக்கு எங்கள் ஊர்க் கலியாணத்தில் நம்பிக்கை இருந்தது.

ஓட விட்டேன். அண்ணை என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். பச்சைக் கோடுகள் நாலும் ஏறின, பிறகு இரண்டு இறங்கின, திரும்ப ஏறின. ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் படிக்கட்டின் நுனியில் உள்ளவர்கள் கொஞ்சம் காத்திருக்கவேண்டும்.

"ரீச்சர், ரெண்டு பேர் சும்மா நிக்கினம்."

"பாத்துக்கொண்டு நிக்கினம்."

"ஆரை?"

"மேல இருக்கிறவரை."

"நான் எவ்வளவு சொல்லியும் உவங்கள் திருந்தேல்லை," என்று செயலிகளைப் பார்த்துச் சொன்னார். டீசலைக் காட்டி, இப்போதே நிற்பாட்டி நாலாக வெட்டு என்றார். "நிப்பாட்டினால் இதுவரை எரிஞ்சது வீண், அண்ணை," என்றேன். அவர் வெளியே போன சமயம் அந்தப் பச்சைக் கோட்டுப் படத்தை மூடிவிட்டேன். திரும்பி வந்தவர் கோடுகளைக் காணாமல், எல்லாரும் வேலை செய்கிறார்கள் போலும் என்று சமாதானமடைந்தார். கானின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருக்க வேலை முடிந்தது. சுகந்தியின் கழுத்தும் தலையும் ஒன்றாக இருந்தன.

இரண்டாவது நேர்முக நாளில் கடைத் தொலைபேசி அடித்தது. தூதரகத்து மொழிபெயர்ப்பாளர். அண்ணையும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"அம்மா, அதிகாரி கேட்கிறார். முதல் வீடியோவில் கோடு இருக்கிறது, இதில் இல்லை. எது அசல்?"

"ரெண்டும் ஒரே நாடாதான், ஐயா. சுருக்கின விதம்தான் வேற."

"அதை விளக்கச் சொல்கிறார்."

விளக்கினேன். சதுரம், அயல், பட்டை, எல்லை, படிக்கட்டு, ஒன்றையும் விடவில்லை. மூச்சு வாங்கி முடித்தபோது, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம் சொன்னது காதில் விழுந்தது. முதல்முறை அயலவர்கள் பார்க்கவில்லை, இம்முறை பார்த்தார்கள் என்று அர்த்தம்.

"ஐயா, நானே இங்கிலீசில சொல்லட்டோ?"

"விதிமுறைப்படி என் ஊடாகத்தான் சொல்லவேண்டும், அம்மா."

அதிகாரி வீடியோவை ஓட விட்டிருக்கவேண்டும். கோயில் பாட்டு மெல்லக் கேட்டது. பிறகு பாட்டை மேவிக்கொண்டு, எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட குரல் தொலைபேசிக்குள்ளிருந்து வந்தது.

"ஃபாதர், கொஞ்சம் பொறுங்கோ. தம்பி, தாலியைத் திரும்பப் பிடியும். லைற் காணாது. ஜெர்மனியில எண்டால் ரெண்டு லைற் போடுவாங்கள்."

குருவானவர் இது பூசை என்று சொல்வதும் கேட்டது. ஓம் ஃபாதர், முடிஞ்சுது ஃபாதர் என்று அந்தக் குரல் சொன்னது. அதன்பின் அதிகாரி சிரிக்கத் தொடங்கினார். முதலில் ஒருவர் சிரித்தது கேட்டது, பிறகு இரண்டு பேர். விதிமுறை மறந்து மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்துவிட்டார்.

சுகந்தி பிறகு சொன்னாள்: "அக்கா, அந்த அதிகாரி ஐயா திரும்பத் திரும்ப அந்த இடத்தைத்தான் போட்டுப் பாத்தவர். பொய்க் கலியாணம் செய்யிற ஆக்கள் இந்த மனிசனைக் காசு குடுத்துக் கூட்டிக்கொண்டு வரமாட்டினம் எண்டு சொன்னவர்."

விசா கிடைத்தது. என் படிக்கட்டுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு, முகம் தெளிந்ததில் அண்ணையின் முகமும் தெளிந்தது என்ற அளவில்தான். "பாத்தீரோ," என்றார் அண்ணை. அடுத்து வந்த கலியாணங்கள் எல்லாவற்றிலும், தாலி கட்டும் நேரம் பார்த்துக் குறுக்கே நடந்தார். விசாவுக்கு நல்லது என்று மாப்பிள்ளை வீட்டாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலத்துத் தீவுப்பகுதிக் கலியாண வீடியோ உங்கள் வீட்டில் இருந்தால் போட்டுப் பாருங்கள். நிற்பார்.

சுகந்தி வெளிக்கிட்டுப் போய்ச் சில கிழமைக்குப் பிறகு சூசைப்பிள்ளை ஐயா கடைக்கு வந்தார். கடலுக்குப் போன வேட்டி, தோளில் துவாய். மகளின் வீடியோவை அவர் பார்த்ததே இல்லையாம். நெடுந்தீவில் பார்க்க வழியில்லை. அண்ணை அதற்குள் தேடி வாங்கி வைத்திருந்த தன் சொந்த டீசலை ஊற்றி ஜெனரேற்றரை ஓட விட்டார். அதை நான் சொல்லாமல் விட்டால் பிழை. ஐயாவைக் கதிரையில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து, இந்தப் படத்தில் கோடே இல்லை பாருங்கோ என்று தன் கண்டுபிடிப்பு மாதிரிக் காட்டினார்.

ஐயா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். மகள் கோயிலுக்குள் வருவதைப் பார்த்தார். வாசகம் வாசிப்பதைப் பார்த்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அப்போது திரையின் இடப்பக்கத்திலிருந்து அண்ணை நடந்து வந்து நடுவில் நின்றார். முதுகு முழுத் திரையையும் மறைத்தது. சட்டையின் ஒரு நூல் பிசிறுகூடத் தெளிவாகத் தெரிந்தது. அவர் விலகியபோது தாலி கழுத்தில் இருந்தது. மாப்பிள்ளை அதைத் திரும்பக் கட்டுவது போலப் பிடித்துக் கமராவைப் பார்த்தார்.

"கொஞ்சம் பின்னுக்கு விடும், பிள்ளை," என்றார் ஐயா.

விட்டேன். திரும்ப அதே முதுகு. இன்னொருக்கால் விட்டேன்.

"நான் கோயில்ல முன் வாங்கிலில இருந்தனான், தம்பி," என்றார் ஐயா அண்ணையிடம். கோபமில்லை, காற்று எந்தப் பக்கம் என்று சொல்வது போலச் சொன்னார். "அண்டைக்கும் உம்மட முதுகைத்தான் கண்டனான். பிள்ளைக்குத் தாலி கட்டினதை நான் காணேல்லை. கட்டிக் காட்டினதைத்தான் கண்டனான்."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் எழும்பிப் போய், வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.